பாடும் பிள்ளையைக் கேட்பது எப்படி? சேலத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மாப்பேட்டையில் என் வீட்டுக் கூடத்தில் பாட்டு வகுப்பு தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைவிடப் பெற்றோர் கேட்பவைதாம் எனக்குக் கடினம். வகுப்பு முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, வாசற்படியில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பாட்டில் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் வீட்டு விஷயத்தில் போய் நிற்கும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றை எழுதிவைத்திருக்கிறேன்.

சங்கீதத்தில் கேள்வி ஞானம் என்ற சொல் உண்டு. பாடம் எடுத்து வருவதல்ல, காதால் கேட்டுக் கேட்டே வந்து சேரும் அறிவு. அது பாடுகிறவருக்கு மட்டும் வேண்டியது என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன்.

எந்த வயதில் வகுப்பில் சேர்க்கலாம்?

ஆறு, ஏழு வயது சரியாக இருக்கும். அதற்கு முன் வீட்டில் பாட்டு ஒலித்தால் போதும். நான்கு வயதுக் குழந்தையைச் சம்மணம் போடவைத்து அரை மணி நேரம் பிடித்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசூகி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தாரே என்று ஒரு தந்தை கேட்டார். உண்மைதான். ஆனால் சுசூகியின் முறையில் தாயோ தந்தையோ வகுப்பில் கூடவே உட்கார்ந்து தாமும் கற்க வேண்டும். குழந்தை தாய்மொழியைக் கேட்டுப் பழகுவதுபோல் இசையையும் நாள்தோறும் கேட்டுப் பழக வேண்டும். அந்தப் பாதியை விட்டுவிட்டு வயதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டில் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, செய்வதே இல்லை. திட்டாமல் எப்படி உட்காரவைப்பது?

முதலில் ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைச் செய்யாமல் நான் ஒரு பிள்ளையைக் காயப்படுத்தியிருக்கிறேன்.

ஒன்பது வயதுச் சிறுமி. நல்ல காது. ஆனால் உதடு பிரியாமல் வாய்க்குள்ளேயே பாடுவாள். "வாயைத் திறந்து பாடு" என்று மூன்று மாதம் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், "முணுமுணுப்பதற்கு வகுப்பு எதற்கு, வீட்டிலேயே இரு" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மனம் கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. பகல் பதினொரு மணிக்கு அவளுடைய அப்பா பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். இரவு முழுக்க விசைத்தறி ஓட்டிவிட்டு வந்து படுக்கிறவர். அவர் விழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பிள்ளை வாய்க்குள் பாடிப் பழகியிருந்தது. அம்மா அதைச் சொன்னபோது நான் கூசிப்போய் நின்றேன். மூன்று மாதத்தில் ஒரே ஒருமுறை, "ஏன் கண்ணு இவ்வளவு மெதுவாகப் பாடுகிறாய்?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை, குறை மட்டும் சொன்னேன்.

மாலை ஐந்தரை மணிக்கு, அப்பா வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பாடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் டீ குடித்தபடி கேட்பார். ஆறு மாதத்தில் குரல் திறந்துகொண்டது.

ஆகவே, பாட மறுக்கும் பிள்ளையிடம் காரணம் கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள். பிள்ளைகள் உடனே சொல்லமாட்டார்கள். பாத்திரம் கழுவும்போதோ, பள்ளிக்கு வண்டியில் போகும்போதோ திடீரென்று வரும். பக்கத்து வீட்டு அண்ணன் கேலி செய்கிறான், தங்கை பின்னாலேயே வந்து இழுக்கிறாள், மேல் ஸட்ஜமம் (உச்சத்தில் வரும் 'ச') எட்டவில்லை என்று பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

தொடங்குபவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு, தினமும் ஒரே நேரத்தில். தறி ஓடும் தெருவென்றால் ஓசை எழும் முன் காலையில் பாடுவது நல்லது. தறிச் சத்தத்துக்கு மேல் பாடினால் குழந்தை கத்தப் பழகிவிடும்.

ஆறு மாதமாகச் சரளி வரிசைதான் (ச-ரி-க-ம என்னும் தொடக்கப் பயிற்சி) நடக்கிறது. எப்போது பாட்டு சொல்லித்தருவீர்கள்?

இந்தக் கேள்வியில் இருக்கும் அலுப்பு எனக்குப் புரிகிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் பாடத்தைத் தொடங்கும் முறையைக் கன்னடப் பாடலாசிரியர் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களில் அது 15-ஆவது. அதைத் தேர்ந்ததில் ஒரு வசதி இருக்கிறது. ச-ரி-க-ம என்று ஏறுகையில் ஸ்வரங்களுக்கிடையே இருக்கும் அதே இடைவெளிகள் ப-த-நி-ச என்பதிலும் இருக்கின்றன. கீழ்ப்பாதி தொண்டையில் பதிந்துவிட்டால் மேற்பாதிக்கு வழி தெரிந்துவிடும். பிறகு ஜண்டை, தாட்டு என்னும் ஸ்வரப் பயிற்சிகள், ஏழு தாளங்களில் அலங்காரம், அதன்பின் கீதம் என்னும் எளிய பாட்டு. இந்த வரிசையை நான் மாற்றமாட்டேன்.

ஆனால் பாட்டுக்காக ஆறு மாதம் காத்திருக்கவைப்பது தவறு என்பதும் என் முடிவு. இரண்டாவது வாரத்திலேயே ஒரு கும்மியோ தாலாட்டோ சொல்லிக்கொடுத்துவிடுவேன். பாட்டியிடம் போய்ப் பாடிக் காட்ட அவர்களுக்கு ஏதாவது வேண்டும் அல்லவா?

பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடாதா?

எதைப் பாராட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1998-இல் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. புதிர்களைப் போட்டு முடித்த பிள்ளைகளில் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக முயன்றாய்" என்றும் சொன்னார்கள். அடுத்துக் கடினமான புதிர்களைத் தந்து தோல்வியைச் சந்திக்கவைத்தபோது, புத்திசாலி எனப்பட்ட பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள், பிறகு வந்த எளிய புதிர்களிலும் பின்தங்கினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள்.

பாட்டு வகுப்பில் இதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். "குயில் மாதிரி குரல்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூடப் பாட பயம், குயில் பட்டம் போய்விடுமே என்று. அதற்குப் பதிலாகக் காதில் விழுந்ததைச் சொல்லுங்கள். "நேற்று இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) தாளம் ஓடியது, இன்று நின்று வந்தது." "நிஷாதத்தை ('நி' ஸ்வரத்தை) இரண்டு முறை நீயே சரிசெய்துகொண்டாய், கவனித்தேன்." சங்கீதம் தெரியாதவர்கள், "இன்று அந்த நீளமான இடத்தில் மூச்சு விடாமல் பாடினாய்" என்று சொன்னாலும் போதும். அப்படிச் சொல்வதற்கு நீங்கள் உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும்.

தப்பாகப் பாடினால் உடனே திருத்தலாமா?

வேண்டாம். வரியை முடிக்க விடுங்கள். முடித்தபின், "உனக்கு எந்த இடம் சரியாக வரவில்லை என்று தோன்றியது?" என்று கேளுங்கள். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் சரியான இடத்தையே காட்டுவார்கள். அவர்கள் காதுக்குத் தெரிகிறது, தொண்டைக்குத்தான் இன்னும் பழகவில்லை. பாதியில் நிறுத்தித் திருத்தும்போது நாம் அந்தக் காதை நம்பாமல் போகிறோம்.

இதில் எனக்கு வீட்டிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஒருநாள் என் கணவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் சொன்ன தேதி தவறு என்று இடையில் திருத்தினேன். பிறகு ஊர் பெயரைத் திருத்தினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "உன் காது பிழை பிடித்தே பழகிவிட்டது. நான் பேசினாலும் அபஸ்வரம்தான் தேடுகிறாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

மகனுக்குப் பதின்மூன்று வயது. குரலே போய்விட்டது. இனி பாட்டு வராதா?

குரல் போகவில்லை, மாறுகிறது. மகரக்கட்டு என்பார்கள். ஏறத்தாழ 12 முதல் 15 வயதுக்குள் பையன்களின் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையான அளவு) கீழே இறங்கிவிடும். இறங்கும் காலத்தில் தடுமாறும், பிளக்கும், சில நாள் காற்றாக வரும். பெண் பிள்ளைகளுக்கும் குரல் சற்று இறங்கும், ஆனால் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

இந்தக் காலத்தில் ஒரு பையன் பாட்டை விட்டால் அது தொண்டையால் அல்ல, சிரிப்பால். அத்தை சிரிப்பார், வகுப்பில் சின்னப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கக் கூடாது என்று என் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் சொல்லிவையுங்கள். ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் பாடியவனை அதிலேயே முட்டவைக்காதீர்கள். இறக்கிய சுருதியில், எட்டும் ஸ்வரங்களை மட்டும், சிறிது நேரம் பாடட்டும். மற்ற நேரத்தில் தாளக் கணக்கு, மிருதங்கம், ராகங்களைக் கேட்டு அடையாளம் காண்பது என்று எத்தனையோ இருக்கின்றன. என்னிடம் படித்த ஒருவன் அந்த ஒன்றரை ஆண்டில் பாடியது குறைவு, கேட்டது அதிகம். குரல் நிலைத்தபின் அவன் பாடிய தோடி ராகத்தில் முன்பு இல்லாத நிதானம் இருந்தது.

பரிவோடு கேளுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறீர்கள். அதைப் புரியும்படி சொல்ல முடியுமா?

ஒரு கச்சேரியை மனதில் கொண்டுவாருங்கள். பாடகர் ஆலாபனை செய்கிறார், அதாவது பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுகிறார். எந்தப் பிடி (சிறு ஸ்வரக் கோவை) அடுத்து வரும் என்று வயலின் வாசிப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் ஒரு மூச்சு பின்னால், நிழல்போல் வருகிறார். பாடகர் நிறுத்தும் இடத்தில் கடைசிப் பிடியை மெல்ல வாசித்துக் காட்டுகிறார், நீங்கள் பாடியது எனக்குக் கேட்டது என்பதுபோல. பாடகர் முழுதாக முடித்தபிறகுதான் அவருடைய முறை. எனக்குத் தெரியும் என்று முந்திக்கொண்டு அடுத்த ஸ்வரத்தை வாசித்தால் பாடகரின் கற்பனை அறுந்துபோகும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) மனிதர்களின் பேச்சுக்குச் சொன்ன வழியும் ஏறக்குறைய இதுவே. வாக்குவாதத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுமுன், எதிரில் இருப்பவர் சொன்னதையும் அவர் மனநிலையையும் அவரே "ஆம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். வியட்நாம் துறவி திக் நியட் ஹான் (1926–2022) இன்னும் ஒரு படி போனார். பரிவோடு கேட்பதன் நோக்கம் ஒன்றே, பேசுகிறவரின் துயரம் குறைவது. அவர் சொல்வதில் தவறு இருந்தாலும் அப்போது திருத்த வேண்டியதில்லை, அதற்கு வேறு நாள் இருக்கிறது என்றார்.

ஓர் எடுத்துக்காட்டு. மனைவி துணிக்கடை வேலை முடிந்து வருகிறார். "ஏங்க, இன்றைக்கு எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிவிட்டார்கள்" என்கிறார். "அப்படியென்றால் வேலையை விட்டுவிடு" என்பது முந்திக்கொண்ட வயலின். "எல்லார் முன்னாலுமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவது நிழலாகப் பின்வருவது. அவர் மேலே சொல்வார். திட்டியதைவிட, பக்கத்தில் நின்ற தோழி தலையைக் குனிந்துகொண்டதுதான் அவருக்கு வலித்திருக்கும். முதல் வாக்கியத்தில் அது இல்லை, ஐந்தாவது வாக்கியத்தில்தான் வரும். அதுவரை கூடப் போக வேண்டும்.

அவர் பேசும்போது நான் கேட்டுக்கொண்டே இருந்தால், நான் எப்போது பேசுவது?

கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பாருங்கள். அதுவரை கச்சேரியை நடத்திய பாடகர் வாய் மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். மேடை மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் போய்விடும். முறை மாறும் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் ஒருவரால் அவ்வளவு நேரம் மற்றவருக்காகத் தாளம் போட முடிகிறது. உங்கள் வீட்டில் முறை மாறுவதே இல்லையென்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இன்றைக்குப் பத்து நிமிடம் நான் பேச வேண்டும், பதில் வேண்டாம்" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. டிவியை நிறுத்தச் சொல்லலாம். அலைபேசியைக் கவிழ்த்துவைக்கச் சொல்லலாம்.

அப்படியானால் எதையும் பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டுமா?

இல்லை. அடிக்கிறவரையும் மிரட்டுகிறவரையும் பரிவோடு கேட்டுத் திருத்தும் பொறுப்பு அடிபடுகிறவருக்குக் கிடையாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களையும் என் கூடத்துச் சுவரில், தாள அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கும் இங்குள்ள பிள்ளைகளுக்கும் வேறுபாடு உண்டா?

குரலில் இல்லை. வாத்தியத்தில் உண்டு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், மதியமே பனி இறங்கிவிடும். ஈரக் காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வயலினில் தந்தியை முறுக்கும் முறுக்காணி, மரம் ஊதித் திருப்பவே வராது. அங்கே ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் சுருதி சேர்ப்பதற்கே போகும். நேற்றுச் சேர்த்தது இன்றைக்கு நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை அந்தப் பிள்ளைகள் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வருகை குறையும். தாய் தோட்டத்துக்குப் போனால் மூத்த பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் விடுபட்ட பாடத்தைக் கணக்குச் சொல்லிக் கடிந்துகொள்வேன். இப்போது தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன். போன தை மாதம் மூன்று தம்பிகளும் ஒரு கைக்குழந்தையும் வகுப்பில் இருந்தார்கள். அலங்காரம் முடிவதற்குள் கைக்குழந்தை தூங்கிவிட்டது.

போட்டிகளுக்கு அனுப்பலாமா?

பத்து வயதுவரை வேண்டாம். நவராத்திரி கொலுவில் நான்கு வீடுகளில் பாடட்டும். சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே மற்ற பிள்ளைகள் பாடுவதைக் கேட்கட்டும். பிறகு போட்டிக்குப் போனால், முடிவு வந்த அன்று காரில் ஏறியதும் அலசத் தொடங்காதீர்கள். "பசிக்கிறதா?" என்று கேளுங்கள். போகிற வழியில் தட்டுவடை செட் வாங்கிக்கொடுங்கள்.

கட்டணம் கட்ட வசதியில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பு. சிறு பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் நம் மகளுக்கு எதற்கு என்று தள்ளாதீர்கள். அந்த வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிள்ளை நிறுத்திவிடுகிறேன் என்கிறது. விடலாமா?

ஒரு மாதம் பொறுங்கள். அந்த மாதத்தில் "நிறுத்தக் கூடாது" என்று ஒருமுறையும் சொல்லாமல், எதை நிறுத்த விரும்புகிறது என்று கேளுங்கள். பாட்டையா, என்னையா, சனிக்கிழமை மாலையையா? ஒரு பையன் வாய் திறக்காமலே இருந்து மூன்று வாரம் கழித்துச் சொன்னான், தெருவில் எல்லாரும் கிரிக்கெட் விளையாடும் நேரத்தில் தன் வகுப்பு இருக்கிறது என்று. காலை ஆறரைக்கு மாற்றினோம். இன்னொரு சிறுமிக்கு உண்மையாகவே பாட்டில் விருப்பமில்லை, அவளுடைய அம்மாவுக்குத்தான் சிறுவயதில் கிடைக்காமல் போன ஆசை. சிறுமி நின்றுவிட்டாள். அம்மா சேர்ந்தார். நாற்பத்தொரு வயதில் சரளி வரிசை தொடங்கினார். மகள் ஓவியம் வரைந்தபடி, அம்மா பாடுவதைக் கேட்கிறாள்.

வகுப்பில் நாங்களும் உட்காரலாமா?

தாராளமாக. வாசல் பக்கம் பெற்றோருக்குத் தனியாகப் பாய் போட்டிருக்கிறேன். அலைபேசியை அங்கிருக்கும் கூடையில் போட்டுவிடுங்கள். பிள்ளை தாளம் தவறினால் தொடையில் தட்டிக் காட்டாதீர்கள், கண்ணால் சைகை செய்யாதீர்கள். முதல் இரண்டு வாரம் கை பரபரக்கும். மூன்றாவது வாரத்தில் தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும்.